பச்சோந்திக்கு பேக்கப் உண்டா?

பினாங்கு பர்மா ரோட்டில் இருக்கும் எங்கள் ஐக்கிய நற்செழிப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பதினோரு இயக்குநர்கள். வேலை செய்ய ஆறு பேர் இருக்கிறோம். இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லாம் சேவைதான். ஆனால் கூட்டம் போட்டால் ஆளுக்கொரு படித்தொகை உண்டு. அதனால் சேவை செய்யத் தோன்றும்போதெல்லாம் கூட்டம் போடுவார்கள். கழிப்பறைக்கு எந்தச் சோப்பு வாங்குவது என்பதை மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்த சங்கம் இது. நான் இங்கே முன்மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவள். கோபப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன். காமினியின் பச்சோந்தி விஷயத்தில்தான் அது மறுபடி வந்தது.

காமினி என் பக்கத்து நாற்காலி. முப்பது வயது இருக்கும். புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருவாள். இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். பொய் சொல்லத் தெரியாத பெண். கூட்டுறவுச் சங்கத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஜோடி குள்ளப் பச்சோந்தி வளர்த்தாள். கோலாலம்பூரில் ஒரு வளர்ப்பாளரிடம் முறைப்படி வாங்கியவை. சுட்டுவிரல் நீளம்கூட இராது. ஆணுக்குக் கிராம்பு, பெண்ணுக்கு ஏலம் என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராம்பைக் கையில் வைத்துப் படம் பிடித்தாள். தன்னைப் போன்ற பச்சோந்திக் கிறுக்குகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, ஆஃபீஸ் குழுவில் போட்டுவிட்டாள். உள்ளங்கையில் ஒரு காய்ந்த இலை, அந்த இலைக்கு ஒரு கண். அவ்வளவுதான் படம். உடனே அழித்துவிட்டாள். அதற்குள் எங்கள் தலைவர் சிவகுருநாதன் பார்த்துவிட்டார்.

அவர் அந்த வாரம் கொதித்துப் போயிருந்தார். அலுவலக ஒழுங்குக்கு நட்சத்திரம் கொடுக்கும் தணிக்கையில் கெப்பாலா பத்தாஸ் கிளைக்கு ஐந்து நட்சத்திரம், தலைமையகமான எங்களுக்கு மூன்று. அவர்கள் வாசலில் அரோவானா மீன் தொட்டி வைத்திருந்தார்களாம். 'உயிருள்ள பசுமை மூலை' என்று அதற்குத் தனி மதிப்பெண். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்தான். அதற்காகத் தாய்க்கு மூன்று நட்சத்திரம் என்றால் எந்தத் தலைவர் பொறுப்பார்?

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். காமினியை உள்ளே கூப்பிட்டார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன்.

"இது எத்தனை கலர் மாறும், பிள்ளை?" என்றார் தலைவர்.

"இது குள்ள வகை, சார். ரொம்ப மாறாது. பிரவுன்தான்."

"அது தெரியுது. வேற?"

"கொஞ்சம் வெளிர் பிரவுன்."

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். "நம்ம சங்கத்துக் கொடி நீலம், மஞ்சள். அந்தப் பக்கமா கொண்டு வர முடியாதா? கோர்ஸுக்கு அனுப்பினா?"

"முடியாது, சார்."

"அப்ப இதோட திறமைதான் என்ன?"

"காஞ்ச இலை மாதிரி அசையாம ஒக்காந்திருக்கும், சார். இருக்கறதே யாருக்கும் தெரியாது."

இயக்குநர்கள் பதினோரு பேரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். அந்தத் திறமையால்தான் அவர்களில் பலர் நான்கு தவணையாக அதே நாற்காலியில் இருக்கிறார்கள்.

பிறகு பெயரில் ஒரு சிக்கல் வந்தது. பச்சோந்தி என்று பலகை வைத்தால் உறுப்பினர்கள் தப்பாக நினைக்க மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். போன தேர்தலில் காலையில் ஓர் அணியிலும் சாயங்காலம் இன்னோர் அணியிலும் நின்று ஜெயித்தவர் அவர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? ஒரு மணி நேரம் விவாதித்து, 'சிறப்புப் பல்லி' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தேநீரோடு கூட்டம் முடிந்தது.

அவற்றை எங்கள் ஆஃபீஸின் பசுமை மூலைக்குக் கொண்டுவரக் காமினி ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பிராணிகளுக்கு வெயில் ஆகாது. அவற்றின் ஊர் ஆப்பிரிக்காவில் ஏதோ குளிர்ந்த மலைக்காடு. பினாங்கு வெக்கை அவற்றுக்கு அடுப்பு மாதிரி. "வீட்டுல அண்ணன் ரூம்ல மட்டும்தான்கா ஏர்கோன். பகல்ல அவரு போட வுட மாட்டாரு. நான் ஐஸ் போத்தல் வெச்சு வெச்சு ஓட்டறேன். இங்கன்னா நாள் பூரா ஜில்லுன்னு இருக்கும்லா?" என்றாள். நிரந்தரமாக்குவதைப் பற்றியும் பரிசீலிப்பதாகத் தலைவர் சொல்லியிருந்தார். பாவம், இரண்டையும் நம்பினாள்.

அவள் அந்தக் கண்ணாடித் தோட்டத்தை அமைத்ததைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. முன்பக்கம் கதவு வைத்த கண்ணாடித் தொட்டி. அடியில் தண்ணீர் வடிவதற்குக் களிமண் உருண்டைகள், அதன்மேல் ஒரு வலை, வலைக்கு மேல் தென்னை நாரும் மணலும் மக்கிய இலையும் கலந்த மண். அந்த மண்ணில் ஒரு டப்பாவிலிருந்து பொடிப்பொடியான வெள்ளைப் பூச்சிகளைக் கொட்டினாள். எச்சத்தையும் பூஞ்சையையும் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருப்பது அவற்றின் வேலையாம். எங்கள் சங்கத்தில் அது ஊழியர்களின் வேலை. பின்சுவரில் ஒட்டிப் படரும் கொடி, மூலையில் பெரணி, நடுவில் மணி பிளாண்ட், குறுக்கும் நெடுக்குமாகப் பென்சிலைவிட மெல்லிய குச்சிகள். கடைசியில், வேகவைத்துக் காயவைத்த கெத்தாப்பாங் என்னும் நாட்டு வாதுமைச் சருகுகளைக் கை கையாக அள்ளித் தரையில் பரப்பினாள். தண்ணீர் பீய்ச்சியதும் மழை பெய்து ஓய்ந்த பினாங்கு மலை வாசனை முன்மேசை வரைக்கும் வந்தது.

கிராம்பையும் ஏலத்தையும் உள்ளே விட்டாள். இரண்டு அடி நடந்து இரண்டும் காணாமல் போயின.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவு பாடுபட்டுட்டு ஏன் பிள்ளை குப்பையைக் கீழ கொட்டி வெச்சிருக்கே?"

"அது மேலதான் சார் அதுங்க நடக்கும், தூங்கும்."

"தணிக்கைக்காரன் கேட்டா? லேபிள் போடு."

எங்கள் நல்லொழுங்கு விதிப்படி எல்லாப் பொருளுக்கும் லேபிள் வேண்டும். ஸ்டேப்ளருக்கு உண்டு, ஸ்டேப்ளர் வைக்கும் இடத்துக்கும் உண்டு. ஆகவே தொட்டிக்குள் 'குச்சி', 'செடி', 'சருகு (தேவையானது)' என்று சின்னச் சின்னப் பலகைகள் நட்டார்கள். பல்லி இருக்க வேண்டிய இடத்தை மஞ்சள் டேப்பால் கட்டம் கட்டிக் காட்டினார்கள். கிராம்பு ஒருநாளும் அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்ததில்லை. ஏன் உட்காரவில்லை என்று காமினியிடம் விளக்கம் கேட்டார்கள்.

அடுத்து வந்தவர் சொத்துப் பிரிவு யசோதரன். கையில் டேப்லெட்டோடு பிறந்தவர் மாதிரி திரிவார். அந்த டேப்லெட்டில் இருப்பதுதான் உலகம், மீதியெல்லாம் வதந்தி என்பது அவர் கொள்கை.

"சிஸ்டம்ல ஏத்தணும், தங்கச்சி. கட்டடத்துக்குள்ள இருக்கற எல்லாம் சங்கத்துச் சொத்து."

"சார், இது என்னோடது."

"வாசலுக்கு வெளிய ஒன்னோடது. உள்ள வந்து ஒரு வாரம் ஆச்சில்ல? தணிக்கையில பேர் இல்லாத பொருள் ஒண்ணு இருந்தா ஒரு ஸ்டார் போச்சு."

எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவருக்கு ஒரே குழப்பம். நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஏலத்தையே உற்றுப் பார்த்தார். ஏலம் ஒரு கண்ணைக்கூட உருட்டவில்லை. அசையாச் சொத்து என்று பதிந்துவிட்டுப் போனார். பார்கோடு ஸ்டிக்கர் ஏலத்தைவிடப் பெரியதாக இருந்ததால் கண்ணாடியில் ஒட்டினார். தான் வளர்த்த உயிருக்குத் தானே அந்நியமாகிப்போனது காமினிக்கு அன்றைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.

அடுத்த மாதமே சிக்கனச் சுற்றறிக்கை வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஏர்கோனை நிறுத்த வேண்டும், சனி ஞாயிறு கிடையாது, செர்வர் ரூமுக்கு மட்டும் விலக்கு. முதல் திங்கட்கிழமை காலையில் காமினி தொட்டியைத் திறந்தபோது கிராம்பு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. நிறம் வெளுத்து, வாயைப் பிளந்தபடி மூச்சு வாங்கியது. அவள் அவசர அவசரமாகத் தண்ணீர் பீய்ச்சினாள். நான் ஒரு கோப்பு அட்டையை எடுத்து விசிறினேன். கவுண்டரில் நின்ற உறுப்பினர் ஒருவர் தன் கடன் மனுவைக் கொடுத்து, "இதையும் சேர்த்து விசிறுங்க" என்றார். அரை மணி கழித்துக் கிராம்பு வாயை மூடியது. காமினி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

தலைவரிடம் போனோம். ராத்திரியும் குளிர் வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டு போய்விடுகிறேன் என்று கேட்டாள்.

"சட்டம் எல்லாருக்கும் பொது, பிள்ளை. எனக்கே அஞ்சு மணிக்கு மேல ஏர்கோன் இல்லை, நான் முறையிட்டேனா?" என்றார் அவர். முறையிடவில்லை, உண்மைதான். அவர் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். "வீட்டுக்குக் கொண்டு போறதா? சங்கத்துச் சொத்தை வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு நம்ம விதியில என்ன பேர் தெரியுமா? திருட்டு. ஒப்பந்தத்துல இருக்கற பொண்ணு, யோசிச்சுப் பேசணும்."

அப்போது உதவிக்கு வந்தவன் கணினிப் பிரிவு குகன். நல்ல பையன்தான், கொஞ்சம் படித்துவிட்டான். "அக்கா, செர்வர் ரூம் எப்பவும் இருபத்திரெண்டு டிகிரி. அங்க வெக்கலாம். ஆனா உள்ள வர்ற எல்லாம் ஐடி எக்விப்மெண்ட்டா இருக்கணும். போலிசி லா." யசோதரன் டேப்லெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த நிமிடத்திலிருந்து கிராம்பும் ஏலமும் கணினிச் சாதனங்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அறை அவற்றுக்குச் சொர்க்கமாக இருந்தது. காமினி ஒரு விளக்கு மாட்டினாள். காலையில் வந்ததும் தண்ணீர் பீய்ச்சி, சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிய குட்டி வெட்டுக்கிளிகளை விடுவாள். கிராம்பு குச்சியில் ஏறி நின்று நாக்கை நீட்டிப் பிடிப்பதை ஒருநாள் என் கண்ணாலேயே பார்த்தேன். ஏலம் கொஞ்சம் குண்டாகியிருந்தது. தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். பார்கோடு இருக்கிறதா, லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பல்லியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பொருளாளர், வாங்கிய செலவு சங்கத்தினுடையது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. கணினிச் சாதனங்களின் வருடாந்தரச் சோதனையில் குகன் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, காமினியிடம் வந்தான்.

"அக்கா, இதுக்கு பேக்கப் உண்டா?"

"எதுக்கு?"

"சிறப்புப் பல்லிக்கு. ஒரே மாதிரி ரெண்டு யூனிட் இருக்கு. ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா ரெண்டும் போயிடும். ஒண்ணு வேற சைட்டுக்குப் போகணும்."

வேறு சைட் என்பது கெப்பாலா பத்தாஸ் கிளை. பழைய பேக்கப் டேப்புகளெல்லாம் அங்கே பின்பக்க ஸ்டோர் ரூமில்தான் கிடக்கின்றன. துத்தநாகக் கூரை, ஏர்கோன் கெட்டு ஒரு வருடம் ஆயிற்று. மத்தியானத்தில் உள்ளே போனால் நமக்கே மயக்கம் வரும். காமினிக்கு இது தெரியும். "ஒரு நாள்கூடத் தாங்காதுடா" என்றாள். "என்ன செய்றதுக்கா, போலிசி" என்றான் குகன். அவனுக்கும் வருத்தம்தான். வருத்தத்தோடே பேரிடர் மீட்புத் திட்டத்தை எழுதி மேலே அனுப்பினான்.

மறுபடி கூட்டம். காமினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், அங்க அனுப்பினா ஏலம் செத்துடும். உயிரு, சார்."

தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் பேச்சு என்று அர்த்தம்.

"உயிர் மேல எனக்கு இல்லாத அக்கறையா? அந்த அக்கறையாலதான் இந்த ஏற்பாடே. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். நம்ம சங்கம் இத்தனை வருஷம் நிக்குதுன்னா எதனால? ஒரு தனி ஆளுக்காக நாம என்னைக்காவது கலங்கியிருக்கோமா? உறுப்பினர் வருவான், போவான். நோய் வந்து கடன் கேப்பான், நாம கமிட்டி போடுவோம். கமிட்டி முடிவு சொல்றதுக்குள்ள அவன் போயிடுவான். ஆனா சங்கம் போச்சா? போகல! கணக்குல ஒரு காசு குறைஞ்சுதா? குறையல! அதுக்குப் பேர்தான் நிர்வாகம். இதை இந்தப் பிள்ளைங்க புரிஞ்சுக்கணும்."

பலமாகக் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு யூனிட் கெப்பாலா பத்தாஸுக்குப் போகும் என்று தீர்மானம் ஆயிற்று. குறிப்பேட்டை அறைந்து மூடினேன். கோபத்தில்தான். போன வருடம் கடன் கேட்டு, கமிட்டி முடிவு வருவதற்குள் இறந்துபோன ஓர் உறுப்பினரின் மனு என் கை வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் காமினி செர்வர் ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். மூடியில் ஊசித் துளைகள். உள்ளே ஈரச் சருகுகள்.

"ரெண்டையும் எடுத்துட்டேன்கா. வேல போனாலும் போவட்டும்."

"வா, நானும் வர்றேன்" என்றேன். அதைச் சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியம்.

வாசலில் காவலாளி சதாம் பையைச் சோதித்தான். டப்பாவைத் திறந்து பார்த்தான். ஒரு சருகின் கண் மெல்லச் சுழன்று அவனைப் பார்த்தது. "அக்கா, இலை முழிக்குது!" என்று இரண்டடி பின்னால் போனான். விதிப்படி சொத்துப் பிரிவுக்குப் போன் செய்துவிட்டான். யசோதரன் டேப்லெட்டோடு இறங்கி வந்தார்.

என்ன பொய் சொல்லலாம் என்று நான் அவசரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, காமினி முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"ஆமா சார். சிறப்புப் பல்லிதான். ரெண்டையும் நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

யசோதரன் டேப்லெட்டைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். "இல்லையே. இடம்: செர்வர் ரூம். நிலை: நன்று. எடுத்துச் செல்ல அனுமதி: இல்லை. அனுமதி இல்லாம அது எப்படி வெளிய வரும்?"

"நான் எடுத்துட்டு வந்தேன், சார்."

"சிஸ்டம்ல இல்லையே, தங்கச்சி."

"நீங்களே போய்ப் பாருங்க சார், தொட்டி காலியா கெடக்கு."

போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடியில் மூக்கை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கொடி, பெரணி, குச்சி, சருகு. ஒரு பிராணியும் கண்ணில் படவில்லை. "இதோ, எப்பவும் போலத்தானே இருக்கு" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, டேப்லெட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று தட்டினார்.

வாசலுக்குத் திரும்பியதும் அவர் குரல் மாறியிருந்தது. "அந்த ரெண்டும் அங்க பத்திரமா இருக்கு. அப்ப இது வேற. பதிவு இல்லாத பொருளைக் கட்டடத்துக்குள்ள வெச்சிருக்கே! நாளைக்கு யாராவது பாத்தா ஒரு ஸ்டார் போகும், என் தலை உருளும். உடனே வெளிய கொண்டு போ!"

"சார், இதுதான் சார் அது..." என்று காமினி மறுபடியும் ஆரம்பித்தாள். நான் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன்.

"சதாம், கேட்டைத் திற! இன்னொரு வாட்டி இது உள்ள வந்துச்சுன்னா ரிப்போர்ட் எழுதிடுவேன்!"

சதாம் கேட்டைத் திறந்தான். காமினி டப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மோட்டாரில் போனாள். வெயில் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் வீடு போய்ச் சேர்ந்து, "ரெண்டும் தண்ணி குடிச்சிருச்சுக்கா" என்று செய்தி அனுப்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவள் அண்ணன் ரூமில் பகலெல்லாம் ஏர்கோன் ஓடுகிறது. என்ன சண்டை போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் போர்வைக்குள் முனகுவதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில் குகன் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். தொட்டிக்குள் கையை விட்டு, நன்றாக வளைந்த சருகு ஒன்றைப் பயபக்தியோடு எடுத்துப் பெட்டியில் வைத்து, சீல் வைத்தான். கெப்பாலா பத்தாஸ் கிளையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

மூன்று வாரம் கழித்து அங்கிருந்து போன். அனுப்பிய யூனிட் சாப்பிடவில்லை, அசையவில்லை, தொட்டால் பொடியாக உதிர்கிறது. இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்றார்கள்.

அன்றே அவசரக் கூட்டம். பதினோரு பேரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு உட்கார்ந்து படிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் காமினியைக் கூப்பிட்டார். முகம் முழுக்கப் பெருமை.

"அன்னைக்கு அழுதியே, பிள்ளை. இப்பப் பாத்தியா? ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சிருந்தா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும், சொல்லு பாப்போம்?"

"ரெண்டும் உயிரோட இருக்கும், சார்" என்றாள் காமினி.

பதினோரு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்னும் நிர்வாக அனுபவம் போதவில்லை என்று சொல்லி, அவள் ஒப்பந்தத்தை மேலும் ஆறு மாதத்துக்கு நீட்டித்தார்கள்.